இலத்தூர்க் குழந்தைக்கு ஊசி போடும் முன்

எங்கள் தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் போன மாதம் வீட்டுக்கு வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான் குத்துக்கல்வலசைக்குக் குடிவந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அவரோடு அதுவரை பெரிதாகப் பேசியதில்லை. அவர் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் படிக்க இடம் கிடைத்திருந்தது. மகளுக்குச் சந்தோஷம், அவருக்குக் கவலை. நான் அந்தத் துறையில் இருந்தவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"டாக்டருக்கும் இல்ல, இன்ஜினியருக்கும் இல்ல, ரெண்டுங்கெட்டானா ஒரு படிப்பு" என்றார். "இப்பம் எல்லாத்தையும் ஏஐயே செஞ்சிரும்னு வேற சொல்லுதாவ. அப்பம் எம்மவ அங்க போயி என்னத்தச் செய்வா?"

வேலை கிடைக்கும், கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும் என்று ஏதோ சொன்னேன். காபியைக் குடித்துவிட்டு, முகம் தெளியாமலே எழுந்து போனார். அவர் போன பிறகு எனக்கே மனசு சரியில்லை. இருபது வருடத்துக்கு மேல் நான் செய்த வேலை இன்னது என்று பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லத் தெரியவில்லையே என்று இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் தாவரவியல் படித்தவள். சொந்த ஊர் இலஞ்சி. தனியார் கல்லூரி ஒன்றில் மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது பல்கலைக்கழகத்தில் இந்தத் துறையைப் புதிதாகத் தொடங்கினார்கள். முப்பத்தைந்தைத் தாண்டிய வயதில், என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தேன். எந்த உயிரின் மரபணுவும் நான்கே எழுத்துகளில் எழுதப்பட்டது, கோடிக்கணக்கான அந்த எழுத்துகளை மனிதக் கண்ணால் வாசிக்க முடியாது, அதனால் கம்ப்யூட்டருக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று முதல் நாள் சொன்னார்கள். இரண்டு வருடமும் படித்தது அதைத்தான். கொஞ்சம் உயிரியல், கொஞ்சம் புள்ளியியல், நிறைய நிரல் எழுதுதல். எந்தப் பாடத்திலும் முழுதாகக் கால் ஊன்றிய நினைப்பு வரவே இல்லை.

படித்தவர்கள் போன இடங்களைச் சொன்னால் அண்ணாச்சிக்கு இன்னும் கவலைதான் வரும். ஒருத்தி மருந்துக் கம்பெனியில் எந்த மூலக்கூறு எந்தப் புரதத்தில் ஒட்டும் என்று திரையில் பார்க்கிறாள். ஒருவன் விதைக் கம்பெனியில் நெல் ரகங்களைப் பிரிக்கிறான். சிலர் விரிவுரையாளர்கள். பலர் சாதாரண சாஃப்ட்வேர் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருவன் வங்கித் தேர்வு எழுதி மேனேஜராக இருக்கிறான், எங்களில் நிம்மதியாகத் தூங்கினவன் அவன் ஒருவன்தான். எனக்குக் கிடைத்ததெல்லாம் ப்ராஜெக்ட் வேலை. ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடியும். ஒவ்வொன்றும் முடியப்போகும் சமயத்தில் எனக்குத் தூக்கம் போய்விடும். கடைசியில் சென்னையில் ஒரு மரபணுப் பரிசோதனை லேபில் நிரந்தர வேலை கிடைத்தது. நோயாளிகளின் ரத்தத்திலிருந்து மரபணுவை வாசித்து, நோய்க்குக் காரணமான எழுத்துப் பிழையைத் தேடும் வேலை. வேலை நிலைத்தது. ஆனால் தூக்கம் திரும்பவில்லை, காரணம்தான் மாறியது.

எங்கள் லேபின் தலைவர் டாக்டர் வசுந்தரா. குரலை உயர்த்திப் பேசிப் பார்த்ததில்லை. அறிக்கை தயார் என்று சொன்னால், தன் அறையிலிருந்து எழுந்து வந்து, என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். "காட்டு" என்பார். நான் முடிவுகளின் அட்டவணையைத் திறந்தால் அதைப் பார்க்கவே மாட்டார். "இது மென்பொருள் சொன்னது. நீ பார்த்ததைக் காட்டு."

அந்த வேலை நடக்கும் விதம் இது. ரத்தத்திலிருந்து பிரித்த மரபணுவை இயந்திரம் சின்னச் சின்னத் துண்டுகளாக வாசித்துத் தரும். ஒவ்வொரு துண்டும் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று மென்பொருள் கண்டுபிடித்து வரிசையாக அடுக்கும். அடுக்கிய பின், மற்றவர்களிடமிருந்து இவர் எங்கெங்கே வேறுபடுகிறார் என்று பட்டியல் போடும். அதில் ஆயிரக்கணக்கில் வரும், பெரும்பாலும் தீங்கில்லாதவை. அவற்றைக் கழித்துக்கொண்டே போய், மிஞ்சுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், வந்திருக்கும் ரத்தம் அந்த ஆளுடையதுதானா, பையனா பெண்ணா, பெற்றோரோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்க வேண்டும். இதில் ஒன்றைத் தாண்டிப் போனாலும் வசுந்தரா மேடம் ஸ்டூலிலிருந்து எழுந்து போய்விடுவார். திட்டமாட்டார். முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று நமக்கே புரியும்.

அறிக்கையில் எழுதும் சொற்களிலும் அப்படித்தான். 'நோய் இல்லை' என்று எழுத விடமாட்டார். 'பார்த்த இடங்களில் தென்படவில்லை' என்று எழுத வேண்டும். எந்தெந்த இடங்களைப் பார்க்க முடியவில்லை என்பதையும் கீழே சொல்ல வேண்டும். யாரும் படிக்காத பத்தி என்று நாங்கள் அதைக் கேலி செய்வோம்.

லேபில் சேர்ந்து பல வருடம் கழித்து, ஒரு நாள் தென்காசியிலிருந்து போன் வந்தது. அங்கே குழந்தை மருத்துவராக இருக்கும் டாக்டர் அருணாசலம். நான் இலஞ்சிக்காரி என்று கேள்விப்பட்டு என்னைக் கேட்டு வாங்கிப் பேசினார். இலத்தூரிலிருந்து ஒரு பையனைப் பல வருடமாக அவர் பார்த்து வருகிறார். ராஜா என்று பெயர், வயது ஐந்து. பிறந்ததும் எல்லாக் குழந்தைக்கும் கையில் போடும் பிசிஜி ஊசி, அதுதான் காசநோய்த் தடுப்பூசி, அவனுக்கும் போட்டார்கள். சில மாதத்தில் அதே கைப்பக்கம் அக்குளில் கட்டி வந்து, உடைந்து, ஆறாமல் ஒழுகிக்கொண்டே இருந்தது. பிறகு ஈரலில் சீழ். பிறகு நுரையீரலில் பூஞ்சைக் காளான். கிருமியை விழுங்கினாலும் கொல்ல முடியாத வெள்ளை அணுக்கள் சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும், அந்த நோய்தான் இது என்று டாக்டர் சந்தேகப்பட்டார். அதற்கான வெள்ளையணுப் பரிசோதனைக்கு ரத்தம் சூடுபடாமல் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். தென்காசியிலிருந்து அனுப்பிய ரத்தம் வழியிலேயே கெட்டுப்போனது. பிறகு வேறு ஏதோ ஒரு லேபில் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். 'நோய்க்கான மாற்றம் இல்லை' என்று ஒரே வரியில் அறிக்கை வந்துவிட்டது.

"ரிப்போர்ட்டு தப்புன்னு நான் சொல்லல மேடம்" என்றார் டாக்டர். "ஆனா பையன நான் கண்ணால பாத்துக்கிட்டிருக்கேன். அவங்க அம்மாவுக்கு இது எட்டாம் மாசம். பிள்ள பொறந்ததும் அங்கனயே பிசிஜி போட்டிருவாவ. போடலாமா, வேண்டாமா? எனக்கு அது மட்டும் தெரியணும்."

பிறக்கும் குழந்தைக்கும் அதே நோய் இருந்தால், அந்த ஊசியில் உள்ள உயிருள்ள கிருமியே அதைப் படுத்திவிடும். கருவிலேயே பார்க்கும் காலமும் தாண்டியிருந்தது.

ராஜாவின் ரத்தமும் அவன் அப்பா அம்மாவின் ரத்தமும் வந்தன. அப்பா பரமசிவன், அம்மா முத்துச்செல்வி. பரமசிவன் அவளுக்கு அத்தை மகன். எல்லாச் சரிபார்ப்பும் முடித்து, எங்கள் மென்பொருளை ஓட்டினேன். எங்களுக்கும் ஒன்றும் தென்படவில்லை. அந்த இன்னொரு லேபின் அறிக்கைக்கு நாங்களும் கையெழுத்துப் போடப் போகிறோம் என்று நினைத்தேன்.

வசுந்தரா மேடம் வந்து உட்கார்ந்தார். "காட்டு."

அந்த நோய்க்குக் காரணமான மரபணுக்கள் சில உண்டு. ஒவ்வொன்றாகத் திரையில் திறந்து காட்டினேன். ஒரு மரபணுவுக்கு வந்தபோது கையால் நிறுத்தச் சொன்னார். மற்ற இடங்களில் துண்டுகள் சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காக இருந்தன. இங்கே எல்லாம் வெள்ளையாக இருந்தன. எந்த இடத்தைச் சேர்ந்தது என்று மென்பொருளால் தீர்மானிக்க முடியாத துண்டுகளை அது அப்படி வெள்ளையாகக் காட்டும், கணக்கில் சேர்க்காது.

"இந்த வெள்ளைத் துண்டுகள் எல்லாம் யாருடையவை?" என்று கேட்டார்.

அந்த மரபணுவுக்கு அருகிலேயே அதைப் போலவே எழுதப்பட்ட இரண்டு போலிகள் இருக்கின்றன. அவை வேலை செய்யாதவை. மூன்றுக்கும் எழுத்து ஏறக்குறைய ஒன்று என்பதால் துண்டுகள் மூன்று இடத்திலும் பொருந்தும். ஆனால் ஓரிடத்தில் மட்டும் வித்தியாசம் உண்டு. உண்மையான மரபணுவில் இருக்கும் இரண்டு எழுத்துகள் போலிகளில் இருக்காது. அப்படியானால், அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாக வரும் இரண்டு பிரதிகளும் நன்றாக உள்ள ஒருவரிடம் மூன்று இடத்துத் துண்டுகளையும் சேர்த்து எண்ணினால், மூன்றில் ஒரு பங்குத் துண்டுகளில் அந்த இரண்டு எழுத்துகள் இருக்க வேண்டும்.

மென்பொருள் ஒதுக்கியதையெல்லாம் சேர்த்து எண்ண ஒரு சின்ன நிரல் எழுதினேன். பரமசிவனிடம் மூன்றில் ஒரு பங்கு இல்லை, அதில் பாதிதான் இருந்தது. முத்துச்செல்வியிடமும் அப்படியே. ராஜாவிடம் ஒன்றுகூட இல்லை. அவனுடைய உண்மை மரபணுவின் இரண்டு பிரதிகளும் அந்த எழுத்துகளை இழந்து, போலிகளைப் போலவே ஆகியிருந்தன.

கிடைத்துவிட்டது என்று நிமிர்ந்தேன். வசுந்தரா மேடத்தின் முகத்தில் மகிழ்ச்சி எதுவும் இல்லை. "நீ தேடியதே உனக்குக் கிடைத்திருக்கிறது. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது" என்றார். பிறகு இன்னொருவரிடம் சொல்லி, வேறு பலருடைய தரவுகளோடு ராஜாவுடையதையும் கலந்து, பெயர்களை மறைத்துத் தரச் சொன்னார். எது யாருடையது என்று தெரியாமல் எண்ணினேன். ஒரே ஒரு கோப்பில்தான் அந்த எழுத்துகள் அடியோடு இல்லை. பெயரைத் திறந்தபோது அது ராஜாதான்.

அப்போதும் அறிக்கை தர அவர் சம்மதிக்கவில்லை. வேறு ரசாயன முறையில், அந்த மரபணுவை மட்டும் தனியே எடுத்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அதற்கான பொருள் வெளியிலிருந்து வர வேண்டும். அதற்குள் பிரசவம் ஆகிவிட்டால்? உறுதியாகும் முன் குடும்பத்துக்கு எதையும் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. மேடமே தென்காசிக்குப் போன் போட்டார். "முடிவு இன்னும் வரவில்லை டாக்டர். வரும் வரை பிறக்கும் குழந்தைக்குப் பிசிஜி போட வேண்டாம். தொப்புள்கொடி ரத்தம் எடுத்து அனுப்புங்கள்." விதியையும் மீறவில்லை, குழந்தையையும் விட்டுவிடவில்லை.

போனை வைத்ததும் என்னிடம் சொன்னது வேறு. இதே நோய் என்று சந்தேகப்பட்டு வந்து, தென்படவில்லை என்று நாங்கள் எழுதிய பழைய அறிக்கைகள் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னார். பார்க்க முடியாத இடங்களில் இந்த மரபணுவையும் அவற்றில் குறித்திருந்தோம், அந்த யாரும் படிக்காத பத்தியில். திறந்து எண்ணியதில் இன்னொரு குழந்தை அகப்பட்டது, வேறு மாவட்டத்துச் சிறுமி. திருத்திய அறிக்கையை அந்த மருத்துவமனைக்கு அனுப்பினோம். வீட்டு எண்ணுக்குப் போட்டால் உபயோகத்தில் இல்லை என்றது. பல மாதம் தேடி, டாக்டர் ஒருவர் மூலம் அவர்களைப் பிடித்தோம். இன்றைக்கு அந்த மரபணுவைப் பார்க்கவே தனி மென்பொருள் வந்துவிட்டது. இன்னும் எந்த இடத்தில் எது வெள்ளையாக நிற்கிறதோ தெரியாது.

ராஜாவின் முடிவு உறுதியாகக் காத்திருந்த சமயத்தில் எனக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த விடுமுறை வந்தது. இலஞ்சியில் தம்பி வீட்டுக்கு வந்திருந்தேன். சாரல் விழ ஆரம்பித்து, குற்றாலம் போகும் கார்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் மேடத்தின் போன் வந்தது. இரண்டாவது முறையிலும் அதே முடிவு, உறுதியாகிவிட்டது என்றார். டாக்டர் அருணாசலத்துக்கும் சொல்லிவிட்டார்.

அன்று மாலையே டாக்டர் என்னை அழைத்தார். முத்துச்செல்வி ஊசியை நிறுத்திவைக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்கிறார்கள், இன்னொன்றில் இருக்கிறது என்கிறார்கள், ஊசி போடாமல் விட்டுப் பிள்ளைக்குக் காசநோய் வந்தால் யார் பொறுப்பு என்று கேட்கிறாள். நீங்கள் வந்து சொன்னால் கேட்பாள் என்றார். நாங்கள் நோயாளிகளை நேரில் பார்ப்பதில்லை. மேடத்திடம் கேட்டேன். டாக்டர் கூட இருக்கும்போது போகலாம், தெரிந்ததை மட்டும் சொல் என்றார்.

மறுநாள் காலையில் டாக்டரோடு இலத்தூர் போனேன். வீட்டை ஒட்டி ஒரு லாரி நின்றது, வைக்கோல் பாரம் கட்டி. பரமசிவன் புளியரை தாண்டிக் கேரளாவில் புனலூர்ப் பக்கம் வைக்கோல் ஏற்றிப் போகிறவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது, டாக்டருக்கும் அப்போதுதான். டிரைவர் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பாரத்தின் மேலிருந்து ஒரு சின்னப் பையன் வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தான். தலையெல்லாம் வைக்கோல். எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினான்.

டாக்டர் நின்றுவிட்டார். "அவன இறக்குங்க" என்றார். "இந்த நோய் உள்ள பிள்ளைக்கு ஈரம் பட்ட வைக்கோல்ல இருக்க பூஞ்சைதான் எமன். நெஞ்சுல வந்தது அங்கேருந்துதான் வந்திருக்கும்."

பரமசிவன் பாரத்தின் மேல் ஏறினார். மகனைத் தூக்கி இறக்கினார். தலையில் இருந்த வைக்கோலைத் தட்டிவிடப் போன கை பாதியில் நின்றது. அவர் சட்டை முழுவதும் அதே தூசி. பையனை விட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றார். முத்துச்செல்வி வந்து அவனைக் குளிப்பாட்டக் கூட்டிப் போனாள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் செங்கோட்டை ரோட்டில் எங்கோ நிறுத்திவிட்டு, வேறு சட்டை போட்டுக்கொண்டு நடந்து வந்தார். அதுவரை நாங்கள் காத்திருந்தோம்.

முத்துச்செல்வி என் எதிரே நாற்காலியில் சிரமப்பட்டு உட்கார்ந்தாள். "அக்கா, மொத ரிப்போர்ட்டுல ஒண்ணும் இல்லன்னுதான எழுதியிருந்தாவ. நான் எத நம்ப?"

"ஒரே தெருவுல ஒரே பேருல மூணு வீடு இருக்குன்னு வையி. வர்ற தபால் யாருக்குன்னு தெரியல. அவங்க அந்தத் தபாலப் பிரிக்காமலே ஒதுக்கி வச்சிட்டு, தபாலே வரலன்னு எழுதிட்டாவ. நாங்க பிரிச்சுப் பாத்தோம்" என்றேன்.

அவள் யோசித்தாள். பிறகு, "இது யாருகிட்ட இருந்து வந்துச்சு?" என்றாள்.

"ரெண்டு பேர்கிட்ட இருந்தும் பாதி பாதி. யாரு மேலயும் தப்பு இல்ல."

"அதக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க அக்கா. உள்ள கேக்கணும்."

அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மாமியார் அங்கே இருந்தார். நான் மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். பிறக்கும் பிள்ளைக்கு வராமலும் போகலாம், அதைத் தெரிந்துகொள்ளும் வரைதான் ஊசி வேண்டாம் என்கிறோம் என்றும் சொன்னேன். அவள் சரி என்று சொல்லவில்லை. வெறுமனே தலையை ஆட்டினாள்.

தென்காசியில் பெண் குழந்தை பிறந்தது. ஊசி போடவில்லை. தொப்புள்கொடி ரத்தம் சென்னைக்கு வந்தது, நானும் திரும்பியிருந்தேன். தொப்புள்கொடி ரத்தத்தில் தாயின் ரத்தம் கலந்திருந்தால் தாயின் நல்ல பிரதியைக் குழந்தையுடையது என்று நினைத்துவிடுவோம். அதனால் முதலில் கலப்பைச் சோதித்தோம். இல்லை. பிறகு மரபணு. குழந்தையிடம் ஒரு பிரதி நன்றாக இருந்தது. பெற்றோரைப் போலவே நோய்க்கான பிழையைச் சுமப்பாளே தவிர அவளுக்கு நோய் வராது.

டாக்டர் கேட்டுக்கொண்டதால் நானே முத்துச்செல்வியை அழைத்துச் சொன்னேன்.

"நெசமாவே பாத்தியளா?" என்றாள். "ஒண்ணும் இல்லங்கத ஏற்கெனவே ஒருக்க கேட்டாச்சு அக்கா. பிள்ளைட்ட இருந்து வேற ரத்தம் எடுத்து இன்னொருக்க பாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனையும் சரிபார்த்த பிறகு என்ன சொல்வது என்று மேடத்திடம் போனேன். மறு சோதனைக்குக் காரணம் இல்லாமல் ஒரு சொட்டு ரசாயனம் கொடுக்காதவர், "அவள் கேட்பது சரி. குதிகால் ரத்தம் அனுப்பச் சொல்" என்றார். வந்தது. பார்த்தோம். அதே முடிவு. அதன் பிறகுதான் ஊசி போட விட்டாள்.

ராஜாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பரமசிவன் வைக்கோலை விட்டுவிட்டுத் தேங்காய் ஏற்றத் தொடங்கினார். பையனுக்குத் தினமும் மருந்து. தங்கையின் எலும்பு மஜ்ஜை அவனுக்குப் பொருந்தியது. அவள் கொஞ்சம் வளர்ந்த பிறகு எடுத்து அவனுக்குச் செலுத்தினார்கள். அந்த வருடம் முழுவதும் அவன் பிழைப்பானா என்று தெரியாமலே போனது. பிழைத்தான். இப்போது இலஞ்சிக்குச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறான்.

ஆனால் நான் அதிகம் பயந்தது அவன் தங்கைக்கு ஊசி போட்ட பின் வந்த அந்தச் சில வாரங்களில்தான். பிசிஜி போட்ட இடத்தில் சில வாரம் கழித்துச் சின்னக் கொப்புளம் வந்து, சீழ் வைத்து, ஆறித் தழும்பாகும். எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான். எனக்குத் தெரியும், டாக்டரும் முத்துச்செல்வியிடம் சொல்லியிருந்தார். இருந்தும் கொப்புளம் வந்த அன்று படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். அது சரியாகத்தான் இருந்தது. இருந்தும் நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் எண்ணிக்கையில் எங்காவது தவறியிருந்தால் அது இந்தக் கையில்தான் வந்து நிற்கும். அதன் பிறகு இரண்டொரு நாளைக்கு ஒரு படம் வரும். வராத நாளில் நான் டாக்டரிடம் விசாரிப்பேன்.

ஒரு நாள், கொப்புளம் காய்ந்து வட்டமாக ஒரு தழும்பு மட்டும் இருக்கும் படம் வந்தது. 'ஆறிட்டு அக்கா' என்று எழுதியிருந்தாள். ராஜாவுக்கு முதலில் கட்டி வந்த இடமான அக்குளையும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வந்தது. கையைத் தூக்கிப் பிடித்ததில் கூச்சம் தாங்காமல் குழந்தை வாய் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. படம் லேசாக ஆடியிருந்தது. அக்குள் சுத்தமாக இருந்தது.